விரிசலுக்குக் கணக்கு எழுதியவர்



எஸ்.எம். லேபில் நாம் எல்லோரும் ஒரு தடவையாவது செய்திருக்கிற சோதனை, இம்பாக்ட் டெஸ்ட். பத்துக்குப் பத்து மி.மீ. சதுரத்தில் ஒரு இரும்புத் துண்டு. நடுவில் 2 மி.மீ. ஆழத்துக்கு ஒரு வெட்டு. தூக்கி மாட்டிய சுத்தியலை விட்டால் 'டக்'கென்று ஒரு சத்தம். துண்டு ரெண்டாகிவிடும், முள் ஒரு ஜூல் கணக்கைக் காட்டும். அதை ரெக்கார்டு நோட்டில் எழுதிக் கையெழுத்து வாங்கியதும் அத்தோடு மறந்துபோகிறோம்.

ஆனால் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். இழுவிசைச் சோதனையில் சதுர மில்லிமீட்டருக்கு இத்தனை நியூட்டன் என்று கணக்குப் போடுகிறோம். இதில் மட்டும் ஏன் ஜூல்? நல்லா இருக்கிற துண்டில் நாமே வேண்டுமென்று ஒரு வெட்டைப் போட்டு, அப்புறம் உடைப்பானேன்?

பிரான்ஸ் நாட்டு ஜார்ஜ் சார்ப்பி தன் ஊசல் சுத்தியல் சோதனையைப் பற்றி 1901-ல் எழுதியபோது, வெட்டு இருந்தால் உலோகம் ஏன் அப்படி நடந்துகொள்கிறது என்பதற்கு முழு விளக்கம் யாரிடமும் இல்லை. அந்த விளக்கத்தின் முதல் வரியை எழுதியவர் இங்கிலாந்தைச் சேர்ந்த ஒரு மெக்கானிக்கல் என்ஜினீயர். இரும்பை விட்டுவிட்டுக் கண்ணாடியை உடைத்துப் பார்த்துத்தான் அவர் அதைக் கண்டுபிடித்தார். அவர் பெயர் ஏ.ஏ. கிரிஃபித். பொருள் உடைவதைப் பற்றிய பாடம் எந்த நாட்டில் நடந்தாலும் முதல் பக்கத்தில் வருகிற பெயர் அது. விமானத் தகட்டில் பறவை மோதினாலும் சரி, ஸ்பானர் விழுந்தாலும் சரி, தகடு தாங்குமா தாங்காதா என்று இன்றைக்குப் போடுகிற கணக்கெல்லாம் அவர் தொடங்கி வைத்த கணக்குத்தான்.

பட்டறையில் தொடக்கம்

ஆலன் ஆர்னல்டு கிரிஃபித் 1893-ம் வருடம் ஜூன் 13-ம் தேதி லண்டனில் பிறந்தார். பள்ளிப் படிப்பு, இங்கிலாந்துக்கும் அயர்லாந்துக்கும் நடுவே கடலில் இருக்கிற ஐல் ஆஃப் மேன் தீவில். அங்கிருந்து உதவித்தொகை பெற்று லிவர்பூல் பல்கலைக்கழகத்தில் இயந்திரவியல் சேர்ந்தார். 1914-ல் முதல் வகுப்பில் தேறி வெளியே வந்தார். அதே வருடம்தான் முதல் உலகப் போர் தொடங்கியது.

1915-ல் ஃபார்ன்பரோ நகரில் இருந்த ராயல் ஏர்கிராஃப்ட் ஃபேக்டரியில் வேலை கிடைத்தது. அரசாங்கத்தின் விமான ஆராய்ச்சித் தொழிற்சாலை அது. 1918-ல் ராயல் ஏர்கிராஃப்ட் எஸ்டாப்ளிஷ்மென்ட் என்று பெயர் மாறியது. பட்டம் வாங்கியவர்தானே என்று நேரே நாற்காலியில் உட்கார வைத்துவிடவில்லை. பட்டறைப் பயிற்சியாளராகத் தொடங்கிப் படிப்படியாகத்தான் ஆராய்ச்சிப் பிரிவுக்குப் போனார். கையில் எண்ணெய் படாமல் என்ஜினீயர் ஆக முடியாது என்பதற்கு இதுவும் ஒரு சாட்சி!

சோப்புக் குமிழியில் பதக்கம்

முதலில் அவருக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது சோப்புத் தண்ணீர். சிரிக்காதீர்கள், நிஜம்தான்.

வட்டமான ஷாஃப்ட்டை முறுக்கினால் ஸ்ட்ரெஸ் எவ்வளவு என்று நமக்கு ஃபார்முலா இருக்கிறது. ஆனால் விமான புரொப்பல்லரின் குறுக்குவெட்டு வட்டமா என்ன? கோணல்மாணலாக இருக்கும். அந்த மாதிரி வடிவத்துக்கு அன்றைக்கு இருந்த கணிதத்தில் விடை எடுப்பது பெரும்பாடு. ஜெர்மனியின் பிராண்டில் 1903-லேயே ஒரு வழி காட்டியிருந்தார். முறுக்கலுக்கான சமன்பாடும், உப்பி நிற்கும் சோப்புப் படலத்துக்கான சமன்பாடும் ஒன்றே என்பதுதான் அது. அதை வேலைக்கு ஆகிற அளவுக்குக் கொண்டுவந்தவர்கள் கிரிஃபித்தும் அவருடன் பணியாற்றிய ஜி.ஐ. டெய்லரும்.

ஒரு தகட்டில், வேண்டிய குறுக்குவெட்டின் வடிவத்திலேயே ஓட்டை வெட்ட வேண்டும். அதன் மேல் சோப்புப் படலத்தைப் படரவிட்டு, லேசாகக் காற்றழுத்தம் கொடுத்தால் படலம் உப்பும். எங்கே சரிவு அதிகமோ அங்கே ஸ்ட்ரெஸ் அதிகம். உப்பலின் கனஅளவு, அந்தத் துண்டு எவ்வளவு முறுக்கைத் தாங்கும் என்று சொல்லிவிடும். அவ்வளவுதான்! 1917-ல் இதை எழுதி வெளியிட்டதற்கு மெக்கானிக்கல் என்ஜினீயர்கள் கழகம் இருவருக்கும் தங்கப் பதக்கம் கொடுத்தது. சோப்புக் குமிழி கிரிஃபித் என்ற பட்டப்பெயரும் கூடவே ஒட்டிக்கொண்டது.

கீறல் போட்ட புதிர்

அடுத்து அவர் கையில் எடுத்த சங்கதி, பார்வைக்கு ரொம்பச் சின்னது: மெஷின் பாகத்தின் மேல் இருக்கிற கீறல்.

கேம்பிரிட்ஜில் இருந்த இங்லிஸ் 1913-ல் ஒரு கணக்குப் போட்டிருந்தார். தகட்டில் வட்ட ஓட்டை இருந்தால் அதன் ஓரத்தில் ஸ்ட்ரெஸ் மூன்று மடங்காகும். ஓட்டை நீள்வட்டமாகிக் கூர்மையானால் இன்னும் ஏறும். கூர்மை கூடக்கூட ஸ்ட்ரெஸ்ஸும் கூடிக்கொண்டே போகும். இந்தக் கணக்கில் ஓட்டையின் வடிவம்தான் முக்கியம், அளவு முக்கியமில்லை. அதாவது ஒரே வடிவத்தில் இருந்தால் கண்ணுக்குத் தெரியாத கீறலும் கை அகல வெட்டும் ஒரே மாதிரி ஆபத்து!

பட்டறையில் வேலை பார்த்தவர் இதை ஒப்புக்கொள்வாரா? பெரிய வெட்டு விழுந்த ஷாஃப்ட் சீக்கிரம் போய்விடும், லேசான அரைத்த தடம் இருக்கிற ஷாஃப்ட் ஓடிக்கொண்டே இருக்கும். இது எந்த ஃபிட்டருக்கும் தெரியும். அப்படியானால் கணக்கு எங்கேயோ உதைக்கிறது.

இதோடு இன்னொரு புதிரும் சேர்ந்துகொண்டது. கண்ணாடியின் அணுப் பிணைப்புகளை வைத்துப் பார்த்தால் அது சதுர மில்லிமீட்டருக்கு 14,000 நியூட்டன் அளவுக்குத் தாங்கியிருக்க வேண்டும். ஆனால் சாதாரணக் கண்ணாடிக் கம்பியை இழுத்தால் 170 நியூட்டனிலேயே முறிந்துவிடுகிறது. கிட்டத்தட்ட எண்பதில் ஒரு பங்கு! மீதிப் பலம் எங்கே போனது?

வரவும் செலவும்

கிரிஃபித் கேள்வியையே மாற்றிப்போட்டார். விரிசலின் முனையில் விசை எவ்வளவு என்று கேட்பதை விட்டுவிட்டு, விரிசல் இன்னும் கொஞ்சம் ஓடுவதற்குக் கட்டுப்படியாகுமா என்று கேட்டார். மளிகைக் கடைக் கணக்கு மாதிரிதான்.

இழுத்துப் பிடித்த தகட்டில் ஸ்பிரிங்கில் இருப்பதுபோல ஆற்றல் சேர்ந்திருக்கிறது. விரிசல் ஓடும்போது அதைச் சுற்றியுள்ள பகுதி தளர்ந்து, அந்த ஆற்றல் வெளிவருகிறது. இது வரவு. விரிசல் ஓடினால் இரண்டு புதிய பரப்புகள் உண்டாகின்றன. பிணைப்புகளை அறுத்துப் பரப்பை உண்டாக்க ஆற்றல் வேண்டும். இது செலவு.

சூட்சுமம் எங்கே இருக்கிறது என்றால், செலவு விரிசலின் நீளத்துக்கு ஏற்ப ஏறுகிறது, வரவோ நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்ப ஏறுகிறது. நீளம் ஒன்று, இரண்டு, மூன்று என்று போனால் செலவும் ஒன்று, இரண்டு, மூன்று. வரவு ஒன்று, நான்கு, ஒன்பது! சின்ன விரிசலில் செலவுதான் அதிகம், அதனால் அது சும்மா கிடக்கும். ஒரு குறிப்பிட்ட நீளத்தைத் தாண்டிவிட்டால் வரவு முந்திக்கொள்ளும். அதற்கப்புறம் யாரும் தள்ள வேண்டாம், விரிசல் தானாகவே ஓடும். ஓடுகிற வேகத்தில் பொருள் ரெண்டாகிவிடும்.

இதைச் சோதிக்கக் கண்ணாடியைத் தேர்ந்தெடுத்தார். இரும்பு வளைந்து கொடுத்துக் கணக்கைக் குழப்பும், கண்ணாடி உடைகிற வரை ஹூக் விதியை மீறாது. கண்ணாடிக் குழாய்களிலும் உருண்டைக் குடுவைகளிலும் வெவ்வேறு நீளத்துக்குக் கீறல் போட்டு, சூடாக்கிப் பதப்படுத்தி, உள்ளே அழுத்தம் ஏற்றி உடைத்தார். ஒவ்வொரு தடவையும் உடைந்தபோதிருந்த ஸ்ட்ரெஸ்ஸை விரிசல் நீளத்தின் வர்க்கமூலத்தால் பெருக்கினால் ஏறத்தாழ ஒரே எண் வந்தது. விரிசல் நான்கு மடங்கு நீண்டால் பலம் பாதி. புதிர் தீர்ந்தது!

எண்பதில் ஒரு பங்குப் பலம்தான் கிடைக்கிறதென்றால், மீதியைத் தின்றது கண்ணாடியில் ஏற்கெனவே இருக்கிற கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள்.

தலைமுடியைவிட மெல்லியது

அப்படியானால் விரிசலுக்கு இடமே கொடுக்காத அளவுக்குப் பொருளை மெல்லியதாக்கினால்? கண்ணாடியை உருக்கி இழையாக இழுத்தார். ஒரு மில்லிமீட்டர் கனத்தில் 170 நியூட்டன் தாங்கிய அதே கண்ணாடி, மூன்று மைக்ரானுக்குச் சற்று மேற்பட்ட கனத்தில், அதாவது தலைமுடியைவிடப் பல மடங்கு மெல்லியதாக இருந்தபோது, சதுர மில்லிமீட்டருக்கு 3,400 நியூட்டன் தாங்கியது. இருபது மடங்கு! அப்போதுதான் இழுத்த புது இழை இன்னும் அதிகம் தாங்கியது, சில மணி நேரத்தில் அந்தப் பலம் இறங்கியது என்பதையும் குறித்து வைத்தார்.

1920-ல் ராயல் சொசைட்டியில் படிக்கப்பட்டு 1921-ல் அச்சில் வந்தது அந்தக் கட்டுரை. அப்போது அவருக்கு இருபத்தெட்டு வயதுகூட நிரம்பவில்லை.

அதில் ஒளிந்திருந்த விஷயம் பெரிது. ஒரே தடித்த கம்பிக்குப் பதில் ஆயிரம் மெல்லிய இழைகளை வைத்தால் ஒவ்வொன்றும் பலமாக இருக்கும். ஓர் இழை அறுந்தாலும் விரிசல் அடுத்த இழைக்குத் தாவுவது சுலபமில்லை. இன்றைய ஃபைபர் கிளாஸ், காம்போசிட் எல்லாவற்றுக்கும் விதை அதுதான்.

வீண் வேலை!

அந்த விதைக்கு யாரும் தண்ணீர் விடவில்லை. பின்னாளில் ஃபார்ன்பரோவில் பணிபுரிந்த ஜே.இ. கார்டன் தம் நூலில் ஒரு சம்பவத்தைச் சொல்கிறார். கண்ணாடி இழை வேலையில் கிரிஃபித்துக்கு உதவியாக இருந்தவர் பென் லாக்ஸ்பைசர். ஒருநாள் சாயந்திரம் கண்ணாடி உருக்கும் காஸ் விளக்கை அணைக்காமல் போய்விட்டார். தீப்பிடித்தது. விசாரணை வைத்தார்கள். கண்ணாடி இழுத்து விளையாடும் வீண் வேலையை நிறுத்தும்படி மேலிடத்திலிருந்து உத்தரவு வந்தது. கிரிஃபித் என்ஜின் பக்கம் திருப்பிவிடப்பட்டார்.

உத்தரவு போட்டவர்களை முழுக்கக் குற்றம் சொல்லவும் முடியாது. அன்றைய விமானம் மரச் சட்டமும் துணியும். அதில் கண்ணாடி இழைக்கு என்ன வேலை என்றுதான் அவர்களுக்குத் தோன்றியிருக்கும். ஆனால் நிறுத்தியது விரிசலைப் பற்றிய ஆராய்ச்சியை. விரிசல் நிற்கவில்லை. அது எப்படி வந்து கேள்வி கேட்டது என்பதைப் பின்னால் பார்ப்போம்.

பெரியவரும் ஒரு தவறும்

என்ஜின் பக்கம் போன கிரிஃபித் அங்கேயும் புதுசாகத்தான் யோசித்தார். அந்தக் கால டர்பைன், கம்ப்ரஸர்களின் திறமை ஏன் அவ்வளவு மோசம் என்று ஆராய்ந்து, பிளேடுகளை விமான இறக்கையின் வடிவத்தில் செய்ய வேண்டும் என்று 1926-ல் எழுதினார். காற்று நேராக அச்சின் திசையிலேயே ஓடும் ஆக்ஸியல் கம்ப்ரஸருக்கு அடிப்படை போட்டது அந்த அறிக்கை. டர்பைனை வைத்துப் புரொப்பல்லரைச் சுற்றலாம் என்பது அவர் திட்டம்.

1929-ல் ஓர் இளைஞரின் யோசனை அவர் மேசைக்கு வந்தது. அனுப்பியவர் ஃபிராங்க் விட்டில், வயது இருபத்திரண்டு. விமானப் படையில் அப்ரென்டிஸாகச் சேர்ந்து பைலட் ஆனவர். புரொப்பல்லரே வேண்டாம், டர்பைனிலிருந்து வரும் வெப்பக் காற்றுத் தாரையே விமானத்தைத் தள்ளட்டும் என்பது விட்டிலின் எண்ணம். கிரிஃபித் பார்த்தார். கணக்கில் ஒரு பிழை இருந்தது, சுட்டிக்காட்டினார். மையவிலக்குக் கம்ப்ரஸர் பருமனாக இருக்கும், இந்த முறையில் திறமை வராது என்று கருத்துச் சொன்னார். விமான அமைச்சகம் கைகழுவிவிட்டது.

விட்டில் 1930-ல் சொந்தமாகப் பேட்டன்ட் எடுத்தார். 1935-ல் அதைப் புதுப்பிக்க ஐந்து பவுண்டு கட்ட வழியில்லாமல் அது காலாவதியானது. ஆனாலும் விடவில்லை. 1937 ஏப்ரலில் அவர் என்ஜின் ஓடியது. அவர் என்ஜினைப் பொருத்திய விமானம் 1941 மே 15 அன்று பறந்தது. அதற்குள் ஜெர்மனி 1939 ஆகஸ்டிலேயே ஜெட் விமானத்தைப் பறக்கவிட்டு முந்திக்கொண்டது.

இங்கே கொஞ்சம் நிற்போம். தன் கண்ணாடி இழையை வீண் வேலை என்று ஒதுக்கியபோது அந்த வலி எப்படிப்பட்டது என்று கிரிஃபித்துக்குத் தெரியும். அவரே இன்னொருவர் யோசனைக்கு அதைச் செய்துவிட்டார். கெட்ட எண்ணம் ஒன்றுமில்லை. கணக்கில் பிழை இருந்தது உண்மை. ஆக்ஸியல் கம்ப்ரஸர்தான் பெரிய என்ஜின்களில் கடைசியில் வெல்லும் என்று அவர் நினைத்ததும் உண்மையாயிற்று. இன்றைக்குப் பறக்கிற பெரிய ஜெட் என்ஜின்களெல்லாம் ஆக்ஸியல்தான். ஆனால் கணக்கில் பிழை என்பது வேறு, எண்ணத்தில் பிழை என்பது வேறு. அந்த வித்தியாசம் அன்று தப்பிப்போனது.

1939-ல் கிரிஃபித் ரோல்ஸ்-ராய்ஸ் கம்பெனிக்கு மாறினார். அங்கே அவர் முதலில் வரைந்த எதிரெதிர் ஓட்ட என்ஜின் ரொம்பச் சிக்கலாகி வேலைக்கு ஆகவில்லை. அதை விட்டு எளிய ஆக்ஸியல் என்ஜினுக்கு வந்தார். அதிலிருந்து வளர்ந்ததுதான் புகழ்பெற்ற ஏவான் என்ஜின். நம் இந்திய விமானப் படையில் நெடுங்காலம் பறந்த கான்பெரா, ஹண்டர் விமானங்களில் இருந்தது அதுதான்.

ஜெட்டை நேரே கீழ்நோக்கி ஊதவிட்டு விமானத்தைச் செங்குத்தாகத் தூக்கும் யோசனையும் அவருடையது. அதைச் சோதிக்க இறக்கையே இல்லாமல், ரெண்டு நீன் என்ஜினும் நாலு காலும் மட்டும் வைத்து ஒரு சட்டம் கட்டினார்கள். 1954 ஆகஸ்ட் 3 அன்று அது கயிறு கட்டாமல் தானாகவே எழும்பியது. பார்த்தவர்கள் வைத்த பெயர், பறக்கும் கட்டில்!

விரிசல் கேட்ட கேள்வி

1943 ஜனவரி 16. அமெரிக்காவின் போர்ட்லண்டு துறையில் ஸ்கெனெக்டடி என்ற புத்தம்புது எண்ணெய்க் கப்பல் கட்டி நின்றது. புயல் இல்லை, அலை இல்லை. பெரிய சத்தத்தோடு நடுவில் பிளந்துபோனது. போர்க்காலத்தில் அவசரமாக வெல்டிங் செய்து கட்டிய கப்பல்கள் பலவற்றில் இதே கதி. ரிவெட் அடித்த பழைய கப்பலில் ஒரு தகட்டில் ஓடுகிற விரிசல் அந்தத் தகட்டின் ஓரத்தில் நின்றுவிடும். வெல்டிங்கில் கப்பல் முழுவதும் ஒரே தகடு மாதிரி, விரிசலுக்குத் தடையே இல்லை. உடைந்த தகடுகளை வெட்டி எடுத்துச் சார்ப்பி மெஷினில் அடித்துப் பார்த்தார்கள். குளிரில் அந்த இரும்பு வெகு குறைந்த ஜூலிலேயே உடைந்தது.

இப்போது முதலில் கேட்ட கேள்விகளுக்குப் பதில் தெரிகிறதல்லவா? விரிசல் இருக்கும் என்று வைத்துக்கொண்டுதான் சோதிக்க வேண்டும், அதற்காகத்தான் வெட்டு. விரிசல் ஓடப் பொருள் எவ்வளவு ஆற்றலைச் செலவாகக் கேட்கிறது என்பதுதான் விஷயம், அதற்காகத்தான் ஜூல்.

அமெரிக்கக் கடற்படை ஆய்வகத்தின் ஜார்ஜ் இர்வின் போன்றவர்கள் கிரிஃபித்தின் பழைய கட்டுரையைத் தூசி தட்டி எடுத்தார்கள். இரும்பில் விரிசலின் முனையில் உலோகம் நெளிந்து கொடுக்க ஆகும் செலவு, வெறும் பரப்புச் செலவைவிட எத்தனையோ மடங்கு பெரிது என்று கணக்கைத் திருத்தினார்கள். விரிசலுக்குக் கிடைக்கும் வரவை இன்றும் 'ஜி' என்ற எழுத்தால்தான் குறிக்கிறோம். கிரிஃபித் பெயரின் ஆங்கில முதல் எழுத்து அது.

பாடம் அதோடு முடியவில்லை. 1954 ஜனவரி 10 அன்று, உலகின் முதல் ஜெட் பயணி விமானமான காமெட் ஒன்று எல்பா தீவருகே கடலில் விழுந்து 35 பேர் இறந்தார்கள். ஏப்ரல் 8 அன்று நேப்பிள்ஸ் அருகே இன்னொன்று, 21 பேர். காரணம் கண்டுபிடிக்கும் பொறுப்பு எங்கே போனது தெரியுமா? அதே ஃபார்ன்பரோவுக்கு! ஒரு முழு விமானத்தின் உடலைத் தண்ணீர்த் தொட்டியில் வைத்து, உள்ளே அழுத்தத்தை ஏற்றி ஏற்றி இறக்கினார்கள். கடைசியில் ஜன்னல் போன்ற ஒரு திறப்பின் மூலையில் கிளம்பிய விரிசல் தகட்டைக் கிழித்துக்கொண்டு ஓடியது. முப்பது வருடத்துக்கு முன் எந்த வளாகத்தில் விரிசல் ஆராய்ச்சி வீண் வேலையாகத் தெரிந்ததோ, அந்த வளாகமே விரிசலுக்கு முன்னால் கைகட்டி நின்றது.

கிரிஃபித் 1960-ல் ஓய்வு பெற்று, 1963 அக்டோபர் 13 அன்று ஃபார்ன்பரோவிலேயே காலமானார்.

இழையும் கோழியும்

அவர் கணக்கு அவரோடு முடியவில்லை. அவர் மறைந்த அந்தக் காலத்தில் அதே ஃபார்ன்பரோ ஆய்வகத்தில் வாட், ஃபிலிப்ஸ், ஜான்சன் ஆகியோர் அதிபலமான கார்பன் இழையைச் செய்துகொண்டிருந்தார்கள். 1964-ல் பேட்டன்ட் பதிவானது. இரும்பைவிட இலேசு, பலமோ அபாரம். கிரிஃபித்தின் பழைய கம்பெனியான ரோல்ஸ்-ராய்ஸ் உடனே அதை ஆர்.பி.211 என்ஜினின் முன் விசிறி பிளேடுகளுக்கு எடுத்துக்கொண்டது.

1970-ல் பறவை மோதல் சோதனை. சுற்றுகிற பிளேடின் மேல் ஒரு கோழியை வேகமாகச் செலுத்தினார்கள். பிளேடு நொறுங்கிப்போனது! கார்பனை விட்டு டைட்டானியத்துக்கு மாற வேண்டியதாயிற்று. அந்த என்ஜினின் செலவு எகிறிப்போய், 1971 பிப்ரவரியில் அவ்வளவு பெரிய கம்பெனி திவாலாகி அரசாங்கம் கையில் எடுத்தது. பிளேடு மட்டுமே காரணமில்லை, ஆனாலும் அது ஒரு முக்கியக் காரணம்.

இவ்வளவு பலமான இழை ஏன் கோழிக்குத் தோற்றது? நீளவாட்டில் இழுத்தால்தான் அந்தப் பலம். தகட்டில் இழை அடுக்குகளை ஒன்றோடொன்று பிடித்து நிறுத்துவது வெறும் ரெசின்தான். குறுக்கே அடி விழுந்தால் ரெசினில் விரிசல் கிளம்பி அடுக்குகளுக்கு நடுவே பரவி, தகடு உள்ளுக்குள்ளேயே பிரிந்துபோகிறது. கார்பன் இழையோ ஏறத்தாழ இரண்டு சதவீதத்துக்கு மேல் நீளாது, இரும்பு மாதிரி நெளிந்து ஆற்றலை வாங்கிக்கொள்ளவும் தெரியாது. இறக்கைத் தகட்டின் மேல் ஒரு ஸ்பானர் விழுந்தால் மேலே லேசான குழிதான் தெரியும். பின்பக்கம் வெடித்திருக்கும், உள்ளே அடுக்கு பிரிந்திருக்கும். பார்வைக்குத் தெரியாத இந்தச் சேதம்தான் ரொம்ப ஆபத்து. கிரிஃபித் பாஷையில் சொன்னால், பலம் இருக்கிறது, விரிசலுக்குச் செலவு வைக்கிற சங்கதி இல்லை.

நீண்டு திரும்பும் கம்பி

செலவு வைக்க ஒரு வழி, அமெரிக்கக் கடற்படையின் இன்னொரு ஆய்வகத்திலிருந்து வந்தது. அங்கே வில்லியம் பியூலர் 1959-லிருந்து ஆராய்ந்து வந்த நிக்கல்-டைட்டானியம் கலவைக்கு ஒரு வினோத குணம் இருந்தது. வளைத்துவிட்டுச் சூடாக்கினால் பழைய வடிவத்துக்கே திரும்பியது! நிக்கல், டைட்டானியம், ஆய்வகத்தின் பெயர் மூன்றையும் சேர்த்து நிட்டினால் என்று பெயரிட்டார்கள். இந்த வகைக்கு ஷேப் மெமரி அலாய் என்று பெயர்.

அடிதாங்கும் தகட்டுக்கு உதவுவது அதன் இன்னொரு குணம். தகுந்த கலவையாக இருந்தால் அறை வெப்பத்திலேயே ஏழெட்டு சதவீதம் வரை இழுக்கலாம், விட்டால் திரும்பிவிடும். இழுக்கும்போது உள்ளிருக்கிற ஆஸ்டெனைட் மார்ட்டென்சைட்டாக மாறுகிறது, விடும்போது மீண்டும் ஆஸ்டெனைட். போகிற பாதையும் திரும்பும் பாதையும் வேறு. நடுவில் அடைபடுகிற பரப்பளவுதான் கம்பி விழுங்கிய ஆற்றல், அது வெப்பமாகப் போய்விடுகிறது.

அமெரிக்காவில் பெயினும் ராஜர்ஸும் 1994-ல் இத்தகைய கம்பிகளைக் காம்போசிட் தகட்டின் அடுக்குகளுக்குள் வைத்து அடித்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். அதன் பின் பல நாடுகளில் இந்த ஆராய்ச்சி நடந்தது. அடி விழும்போது ரெசின் பிளக்கும், கார்பன் இழை அறும். நிட்டினால் கம்பி மட்டும் அறாமல் நீண்டு தகட்டைத் தைத்த மாதிரி பிடித்துக்கொள்ளும். துளைத்துக்கொண்டு போவதைத் தடுக்கும். இழுவிசை அதிகமாக வருகிற பின்பக்கம், அதாவது அடி விழாத பக்கத்தில் கம்பியை வைத்தால் பலன் அதிகம். முன்கூட்டியே நீட்டிவைத்த கம்பியில் மின்சாரம் செலுத்திச் சூடாக்கினால் அது சுருங்கி, திறந்த விரிசலை மூடப் பார்க்கும்.

ஆனால் சும்மா கிடைக்குமா எதுவும்? கார்பன் தகட்டின் அடர்த்தி ஒன்றரையைச் சற்றுத் தாண்டும், நிட்டினாலின் அடர்த்தி ஆறரை. கம்பி கூடினால் எடை கூடும், விலையும் கூடும். கம்பிக்கும் ரெசினுக்கும் ஒட்டுதல் சரியாக அமையாவிட்டால் கம்பியின் ஓரமே விரிசல் பிறக்கும் இடமாகிவிடும். தடித்த கம்பியின் இரு பக்கமும் இழை இல்லாமல் ரெசின் மட்டும் தேங்கி நின்றால் அதுவும் பலவீனம்தான். விரிசலைத் தடுக்க வைத்ததே விரிசலுக்கு வாசலாகலாம்! எவ்வளவு கம்பி, எங்கே, எவ்வளவு மெல்லியது என்று தீர்மானிக்கும்போது ஆராய்ச்சியாளர் எடுத்து வைத்துப் பார்ப்பது அதே பழைய வரவு-செலவுக் கணக்கைத்தான்.

நமக்கு என்ன?

டிப்ளமோ முடித்து நாளைக்கு நம்மில் பலர் ஷாப் ஃப்ளோரிலும் இன்ஸ்பெக்ஷனிலும் நிற்கப்போகிறோம். கீவேயின் மூலை கூராக இருக்கிறதா, வெல்டிங்கின் ஓரம் பள்ளம் விழுந்திருக்கிறதா, கிரைண்டிங் தடம் குறுக்கே ஓடுகிறதா என்று பார்க்கிற வேலை நம் கைக்குத்தான் வரும். டிராயிங்கில் ஃபில்லட் ரேடியஸ் போட்டிருந்தால் அது அழகுக்குப் போட்டதில்லை. அந்த ரேடியஸை விட்டுவிட்டால் யாரும் உடனே கண்டுபிடிக்கப் போவதில்லை. விரிசல் கண்டுபிடிக்கும்.

இன்னொன்றும் இருக்கிறது. நம் கூடப் படிக்கிறவனோ, நமக்குக் கீழே வேலை செய்கிற அப்ரென்டிஸோ ஒரு யோசனையோடு வருவான். கணக்குத் தப்பாக இருக்கலாம். தப்பைத் திருத்திக் கொடுங்கள், யோசனையைக் குப்பையில் போட்டுவிடாதீர்கள். நம் யோசனையை ஒருத்தர் வீண் வேலை என்று தள்ளினால் சோர்ந்தும் போகாதீர்கள். செய்ததைத் தேதி போட்டு, எண்களோடு, தெளிவாக எழுதி வையுங்கள். கிரிஃபித் எழுதி வைத்திருந்ததால்தான் கப்பல்கள் உடைந்த அன்றைக்கு எடுத்துப் படிக்க ஒரு கட்டுரை இருந்தது.